மாரீஸ்வரியின் மடக்கு டப்பா

வனராஜ் கூரியரில் வரவழைத்த மடக்கு டப்பாவை மாரீஸ்வரி திறந்து, பெயர் பதிந்து, ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்து, பிறகு மூடியபோது டப்பாவோடு சேர்ந்து அவளும் நின்றுபோனாள் என்பதை எங்கள் பால்ச்சாமி லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லும்போது குரலை உயர்த்தவும் மாட்டார்கள், தாழ்த்தவும் மாட்டார்கள், குழாயில் தண்ணீர் வந்தது, நின்றது என்பதைப் போலச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

பஞ்சாலையின் பின்சுவரை ஒட்டி எதிரும் புதிருமாக நிற்கிற ஓட்டு வீடுகள்தான் எங்கள் லைன். ஒரு வீட்டில் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். வனராஜுக்குப் பேருந்து நிலையத்துப் பக்கம் செல்போன் பழுது பார்க்கிற கடை இருந்தது. கடை போக மீதி நேரத்தில், புதிதாகச் சந்தைக்கு வருகிற சாமான்களை வாங்கிப் பிரித்துக் காட்டி, பார்த்ததும் என்ன தோன்றியது என்று வீடியோவில் பேசி யூடியூபில் போடுவான். பேசுகிற குரல் அவனுடையது, பிரிக்கிற கை மாரீஸ்வரியுடையது. ஈயப்பற்று சுட்ட தழும்பு விழுந்த தன் கையைவிடக் கண்ணாடி வளையல் போட்ட கைக்குக் கூட்டம் கூடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்கள் ஊர் வழக்கம். மிக்சியோ தையல் மிஷினோ டிவியோ, வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் கைராசி உள்ள பெண்தான் முதலில் தொட்டு ஓட்டிவிட வேண்டும். மாரீஸ்வரி மருமகளாக வந்த வாரமே வனராஜின் கடையில் நிற்க இடமில்லாமல் போனதால் அவள் கைராசிக்காரி என்று முடிவாகியிருந்தது. அவள் பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள், எங்கள் லைனுக்கு வந்த முதல் பட்டதாரி என்பதைவிட அந்தக் கைராசிக்குத்தான் மதிப்பு.

அந்த டப்பா கோழி முட்டை நிறத்தில் இருந்தது. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்ததுபோல மூடியிருந்தது. விரித்தால் மேல்பாதியில் திரை, கீழ்பாதியில் இடப்பக்கம் ஒரு சிலுவைப் பொத்தான், வலப்பக்கம் நாலு வட்டப் பொத்தான்கள். நாங்கள் சின்ன வயதில் வாடகைக்கு எடுத்து டிவியில் மாட்டி ஆடிய ஆட்டங்களெல்லாம் அதற்குள் இருப்பதாக வனராஜ் சொன்னான்.

“வணக்கம் நண்பர்களே, கையில எடுத்ததும் கனமா இருக்கு, பிளாஸ்டிக் மாதிரியே தெரியல. இந்தக் கீல் பாருங்க, எந்தச் சாய்வுல விட்டாலும் அந்தச் சாய்வுலயே நிக்குது. ஏ மாரி, பொத்தானை அமுக்கிக் காட்டு. பேரு கேக்குது பாரு, போடு.”

“உங்க பேரைப் போடவா?”

“கைராசிக்காரி பேரையே போடு.”

அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தன் பெயரைப் பதிந்தாள். கட்டங்கட்டமான ஒரு சின்ன ஆள் குழிகளைத் தாண்டித் தாண்டி ஓடினான். தொட்டிலில் எட்டு மாதப் பிள்ளை யோகஸ்ரீ கை கொட்டியது.

“இப்ப மூடு. மூடினா ஆட்டம் அப்படியே நின்னுரும் நண்பர்களே, திறந்தா விட்ட எடத்துலயிருந்து ஓடும். அந்த மூடுற சத்தத்தை மட்டும் கேளுங்க.”

டக்கென்று மூடியது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பாதிச் சிரிப்போடு நின்றாள். வனராஜ் பேசி முடிக்கிறவரை அதைக் கவனிக்கவில்லை. பிள்ளை அழுதது. மாமியார் குருவம்மாள் வந்து, “ஏத்தா, பிள்ள கத்துறது காதுல விழலையா?” என்று தோளைத் தட்டினாள், பிறகு கிள்ளினாள், பிறகு கன்னத்தில் அறைந்தாள். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. வனராஜ் பழுது பார்க்கிறவன் இல்லையா, கடைசியாக எது மாறியதோ அதைத் திருப்பிப் பார்ப்பதுதான் அவன் தொழில். அவள் கையிலிருந்த டப்பாவை விரித்தான்.

“சத்தம் நல்லாயிருக்குல்ல?” என்றாள் மாரீஸ்வரி. பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டு, “ஏன் எரியுது?” என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய இடங்களிலெல்லாம் கேட்டார்கள். எங்கள் கோயில் சாமியாடி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கூரியரில் வந்தது, நம் சாமிக்கு எல்லை கண்மாய்க்கரை வரைக்கும்தான் என்று திருநீறு மட்டும் கொடுத்தார். ஆஸ்பத்திரியில், மூடினால் நாடி இல்லை, திறந்தால் நாடி இருக்கிறது என்பதை மூடியும் திறந்தும் சரிபார்த்த டாக்டர், “அப்ப மூடாதீங்க, அவ்வளவுதான்” என்றார். அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. டப்பாவைத் திறந்தவாக்கில் சாமி படங்களின் அடுக்கில் வைத்து, சார்ஜர் வயரையும் மாட்டிவிட்டார்கள்; காலையில் பூப் போடும்போது அதற்கும் ஒன்று விழுந்தது.

முதன்முதலில் வேண்டுமென்று மூடியது குருவம்மாள்தான். பிள்ளைக்கு வயிறு உப்பியிருக்கிறது என்று அவள் வசம்பைச் சுட்டு உரைத்துக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி சங்கைப் பிடுங்கினாள்.

“இத்தனை பிள்ளைய வளத்தவ நான். காலேசுல வசம்பப் பத்திப் படிச்சுக் குடுத்தாகளோ?”

“அத்தே, உங்க வளப்பு உங்க பிள்ளையோட. எம் பிள்ளைக்கு எது குடுக்கணும்னு எனக்குத்—”

டக்.

பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் அப்போது வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சண்டை உச்சத்துக்குப் போகும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குப் பாதிச் சொல்லில் விழுந்த அந்த அமைதி புரியவில்லை. எட்டிப் பார்த்தாள். மருமகள் விரலை நீட்டியபடி நின்றாள். மாமியார் பிள்ளையை மடியில் போட்டு நிதானமாகச் சங்கில் புகட்டிக்கொண்டிருந்தாள்.

“பாவம் மதினி” என்றாள் சீனியம்மாள். யாரைச் சொன்னாள் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் சமையலுக்கு நேரமானபோது திறந்தார்கள். “—தெரியும்” என்று முடித்த மாரீஸ்வரி வெளிச்சம் மாறியிருப்பதைப் பார்த்தாள், பிள்ளை புட்டிப்பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவள் அழுதாள், வனராஜ் கடையிலிருந்து வந்து அம்மாவைச் சத்தம் போட்டான், குருவம்மாள் சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் வனராஜே, மாமியாரும் மருமகளும் மறுபடி ஆரம்பித்தபோது, வீடியோவுக்குப் பேச்சு எடுக்கணும், கொஞ்சம் அமைதி வேணும் என்று மூடினான்.

அதற்கப்புறம் மூடுவதற்குக் காரணம் கிடைப்பது எளிதாகிவிட்டது. விருந்தாளி வந்தால் உட்கார இடமில்லை என்று மூடினார்கள். மதியத்தில் வேலையில்லை, சும்மா எதற்குத் திறந்து கிடக்க வேண்டும் என்று மூடினார்கள். மூடியிருந்தால் பசிக்காது, சோறு மிச்சம். அவள் நின்ற இடத்தைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போவதும், வெயில் இறங்கினால் நிழலுக்கு நகர்த்தி வைப்பதும் பழகிப்போயிற்று. மூடியிருக்கையில் கொசுவும் அவளைக் கடிப்பதில்லை என்று குருவம்மாள் பெருமையாகச் சொன்னாள். வீட்டில் யாரும் ‘மூடினோம்’ என்று சொல்வதில்லை, ‘மாரி ஓய்வா இருக்கா’ என்றுதான் சொன்னார்கள்.

லைனில் உள்ள பெண்களுக்கு அதில் பொறாமைகூட உண்டு. “என்னையும் ஒருத்தர் மூடி வச்சா இந்தக் குதிகால் வலிக்காவது ஒரு முடிவு கிடைக்கும்” என்றாள் சீனியம்மாள். ஆண்களின் பொறாமை வேறு மாதிரி. பஞ்சாலை ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் வனராஜின் வாசலில் நின்று தலையைச் சொறிவார்கள்.

“வனா, அது எங்க கிடைக்கும்னு சொன்னா ஒண்ணு போட்டுறலாம்.”

“என்னண்ணே, நீங்க கேம் ஆடுவீகளா?”

“நான் எங்கடா ஆட, வீட்டுல அவதான் ஆடுறா. ஒரு நாளைக்காவது நிக்கட்டுமே.”

அதே நிறத்தில், அதே கீலோடு, டப்பாக்கள் வந்து இறங்கின. நல்ல நாள் பார்த்து, மனைவிகளைத் தலைக்குக் குளிக்க வைத்து, கிழக்கே பார்த்து உட்காரச் சொல்லித் திறக்க வைத்தார்கள், பெயர் போட வைத்தார்கள், மூடச் சொன்னார்கள். ஒருத்தியும் நிற்கவில்லை. மூடிய கையோடு எழுந்து, “இம்புட்டுதானா? அடுப்புல பால் கிடக்கு” என்று போனார்கள். அந்த ஏமாற்றத்தில் சில வீடுகளில் அடி விழுந்தது. இவளுக்குக் கைராசி அப்படி என்று வனராஜ் சொல்ல, எங்களுக்கும் அது சரியென்றே பட்டது.

மாரீஸ்வரிக்கு எப்படி இருந்தது என்று அவள் சீனியம்மாளிடம் ஒரு தடவை சொன்னாள். துணி காயப்போட வெளியே வந்தபோது, அவசர அவசரமாக. “அக்கா, ஓய்வுன்னு சொல்றாக. ஓய்வெல்லாம் இல்லக்கா. எனக்கு நடுவுல ஒண்ணுமே கிடையாது. கழுவின பாத்திரத்தைக் கவுத்துறேன், அடுத்த பாத்திரம் கையில இருக்கு. நான் தூங்கி எவ்வளவு நாளாச்சுன்னு எனக்கே தெரியல. அது போகட்டும். பிள்ளை, அக்கா. தொட்டில்ல விட்டேன், திரும்பினா நடக்குது. நடக்குதேன்னு தூக்கப் போனேன், திரும்பினா பாவாடை கட்டிக்கிட்டு நிக்குது. நான் பெத்தது எனக்குத் தெரியாம வளந்துக்கிட்டே போகுது.”

அவள் குருவம்மாளிடம் கேட்டது ஒன்றுதான். சோறு கேட்கவில்லை, துணி கேட்கவில்லை, அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்த பேச்சையும் விட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வருகிற நேரத்தில் தன்னைத் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டாள். குருவம்மாள் தலையை ஆட்டினாள். ஆனால் திறந்திருக்கிற அம்மாவிடம் பிள்ளை ஒட்டிக்கொள்கிறது, மூடும்போது வீறிடுகிறது, அது பிள்ளைக்கு நல்லதல்ல என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. எனவே விடியலில் பிள்ளை எழுவதற்கு முன் திறந்து, சமைக்க வைத்து, துவைக்க வைத்து, பிள்ளை கண் விழிக்கும் முன் மூடினாள்.

ஆகவே யோகஸ்ரீ வளர்ந்தது ஆட்டுரலுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு அம்மாவோடு. கண்ணாமூச்சி விளையாட்டில் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், கரண்டி பிடித்த வாக்கில் நீண்டிருக்கிற கையில் பையை மாட்டிவிட்டு விளையாட ஓடுவாள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, எட்டுகிற உயரத்தில் வேறு கொக்கி இல்லை. மறுநாள் திறக்கும்போது மாரீஸ்வரியின் முழங்கை சட்டென்று கீழே இறங்கும். பையின் கனத்தை வைத்துத்தான் மகள் எந்த வகுப்புக்குப் போயிருக்கிறாள் என்று அவள் தெரிந்துகொண்டாள்.

ஒரு நாள் மதியம் வேலைக்காகத் திறந்த குருவம்மாள் மூட மறந்து ரேஷன் கடைக்குப் போய்விட்டாள். மாரீஸ்வரி டப்பாவை எடுத்தாள், அது மூடிக்கொள்ளாதபடி கீலின் வாயில் துணி மாட்டுகிற கிளிப்பைச் செருகினாள், முந்தானையில் பொதிந்துகொண்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அதன் வாசலுக்கு ஓடினாள். இதை ஆட்டோ ஓட்டுகிற எங்கள் லைன் பையன்கள் நேரில் பார்த்தார்கள், அதனால் உறுதியாகச் சொல்ல முடியும். யோகஸ்ரீ அப்போது ஐந்தாம் வகுப்பு. தோழிகளோடு வந்தவள், வாசலில் மூச்சு வாங்க நிற்கிறவளைப் பார்த்து நின்றாள்.

“ஏய் யோகா, உங்க அக்காவா?” என்றாள் ஒருத்தி.

“எங்க வீட்டுல இருக்கவங்க” என்றாள் யோகஸ்ரீ.

மாரீஸ்வரி மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். “நான் உங்க அம்மாடி, கண்ணு. டப்பா எங்கிட்டதான் இருக்கு, பாரு. வா, நாம ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போயிருவோம். நான் படிச்சிருக்கேன், வேலைக்குப் போவேன், உனக்கு நானே தலை பின்னி விடுவேன்.”

“அழுகாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாத்தாப் பாக்கட்டும். நீ வா, சாமி.”

தோழிகள் சிரித்தார்கள். பிள்ளையின் முகம் சிவந்தது. அவள் கெட்ட பிள்ளை இல்லை, நன்றாகப் படிக்கிறவள், யார் மனமும் நோகப் பேசாதவள். அம்மா அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் அவள் பார்த்து வளர்ந்த வழி ஒன்றுதான். கிளிப்பை உருவினாள். டக்.

மண்டி போட்டு இரண்டு கையையும் விரித்தபடியே மாரீஸ்வரியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அன்று முதல் டப்பா பீரோவுக்குள் போயிற்று.

பிறகு குருவம்மாளுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில்தான் மாரீஸ்வரி அதிகமாகத் திறந்திருந்தாள். கழுவி விடவும் புரட்டிப் போடவும் ராப்பகலாக ஆள் வேண்டுமே. “என்னய விட்டுட்டு நின்னுராத ஆத்தா” என்று குருவம்மாள் கோணல் வாயால் கெஞ்சுவதைக் கேட்டோம். மருமகள் இனி பழி தீர்ப்பாள் என்று சிலர் ஆவலாகக் காத்திருந்தோம். அவள் கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். “யோகா எப்ப அத்தே வருவா?” என்று மட்டும் கேட்டாள். யோகஸ்ரீ அப்போது கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் விடுமுறைக்கு வந்த நாட்களில் பேத்தியே பாட்டியைப் பார்த்துக்கொண்டதால் மாரீஸ்வரிக்கு வேலை இருக்கவில்லை. குருவம்மாள் இறந்து, பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமைத்து முடித்ததும் மூடினார்கள்.

வனராஜுக்குத் தலை நரைத்துவிட்டது. கல்யாண வீடுகளுக்குக் கூட்டிப்போனால் மகளா என்று கேட்கிற வயதிலேயே மனைவி நின்றுகொண்டிருந்தாள். மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தபோது கட்டில், பீரோ, கிரைண்டர், குத்துவிளக்கு, வெண்கலப் பானை என்று சீர் அடுக்கிய வரிசையில் டப்பாவையும் வைத்தான்; பக்கத்தில் புதுச் சேலை கட்டிவிட்டு மாரீஸ்வரியை நிறுத்தினான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். “சாப்பாடு கிடையாது, சம்பளம் கிடையாது, எதிர்ப்பேச்சும் கிடையாது. இந்த மாதிரி சீர் இந்த ஊர்ல யாரு போட்டுருக்கா?” என்று சம்பந்தியம்மாள் சொன்னபோது லைனே நிமிர்ந்து உட்கார்ந்தது.

யோகஸ்ரீ குடியிருந்தது எங்களுக்கு அடுத்த தெரு மாடிவீட்டில். அவள் பேங்கில் வேலைக்குப் போனாள். ஆண் குழந்தை பிறந்து, விடுப்பு முடிகிற வாரத்தில் பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்தாள்.

மாரீஸ்வரி கண்ணெதிரே தன் வயதில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தாள். சாயலைப் பார்த்தாள்.

“யோகாவா?”

“ஆமாம்மா.”

“என்னய மூட மாட்டியே?”

“மாட்டேம்மா. நான் ஆபீசுக்குப் போகணும், பிள்ளையப் பாத்துக்கிடணும் நீங்க. ராத்திரியும் எந்திரிக்கிறான், என்னால முடியல. திறந்தே வைக்கிறேன்.”

அவள் சொன்னபடியே செய்தாள், அதை நாங்கள் சொல்லியாக வேண்டும். டப்பா திறந்தே இருந்தது. மாரீஸ்வரி எத்தனையோ வருஷத்துக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினாள், பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு. குளிப்பாட்டினாள், பவுடர் போட்டாள், மாடிப்படியில் உட்கார்ந்து காக்காய் காட்டிப் பருப்புச் சோறு ஊட்டினாள். அவள் சிரிப்பதை லைன் பெண்கள் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். அவளுக்குச் சேர வேண்டியது எப்படியோ சேர்ந்துவிட்டது என்று சீனியம்மாள் சொன்னாள். கிழவியாகிவிட்ட சீனியம்மாளை அவள் இன்னும் அக்கா என்றே கூப்பிட்டாள்.

பிள்ளைக்கு முதல் மழலை வந்தது. ஒரு சாயங்காலம் யோகஸ்ரீ பேங்கிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, கை கழுவி, “வாடா தங்கம்” என்று நீட்டினாள். பிள்ளை திரும்பி மாரீஸ்வரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ம்மா” என்றது.

“நான்டா அம்மா. இங்க வா.”

“ம்மா, ம்மா” என்று அது மாரீஸ்வரியின் தோளில் முகத்தைப் புதைத்தது.

மாரீஸ்வரி முகம் வெளுத்தாள். “சின்னப் பிள்ளை யோகா, தெரியாமச் சொல்லுது. நான் திருத்திர்றேன். இனிமே ஆச்சின்னு சொல்லப் பழக்கிர்றேன். நீ வந்ததும் நான் உள்ளே போயிர்றேன், அவன் கண்ணுல படாம—”

யோகஸ்ரீ முதலில் பிள்ளையைத்தான் வாங்கினாள், பத்திரமாக, அதன் விரல்களை ஒவ்வொன்றாக அந்தக் கழுத்திலிருந்து பிரித்து. பிறகு டப்பா இருந்த கூடத்துக்குப் போனாள்.

அவளைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. அவளும் பெற்றவள்தானே என்றோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஒரு அம்மாளை வைத்துவிட்டாள். மாரீஸ்வரி கூடத்து ஜன்னலோரம், கைகள் முன்னால் நீண்டு, லேசாகக் குனிந்தபடி நின்றாள். பிள்ளை கொஞ்ச நாள் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதது, பிறகு அழாமல் உட்கார்ந்தது.

முதல் பிறந்த நாளுக்கு லைனையே அழைத்திருந்தார்கள். கேக் வெட்டி முடித்து நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் பிள்ளை தவழ்ந்து ஜன்னலோரம் போனது. அவளுடைய சேலையைப் பிடித்து, கொசுவத்தைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றது. பிடியை விடாமல் அவளைச் சுற்றி ஒரு எட்டு வைத்தது, இன்னொரு எட்டு வைத்தது. நாங்கள் கை தட்டினோம். யோகஸ்ரீ செல்போனை எடுத்து ஓடிவந்து படம் பிடித்தாள்.

“ஏத்தா யோகா, டப்பாவைக் கொஞ்சம் திறந்து விடேன்” என்றாள் சீனியம்மாள். “அவளும் பாக்கட்டுமே.”

யோகஸ்ரீ செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இப்ப வேணாம் ஆச்சி. அவங்க அசைஞ்சா பிள்ளை விழுந்துரும்.”